கோவன் கேட்காமல் விட்ட கேள்வி: பழைய ஃப்ரிட்ஜுக்கு ஹீட்டர் எங்கே கிடைக்கும்?

தொழில்நுட்ப வரலாறு படிக்க ஆரம்பிக்கிறவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவனிடம் வந்து சேர்வார்கள். 1983-ல் வெளியான 'மோர் வொர்க் ஃபார் மதர்' அவருடைய முக்கியமான புத்தகம். வீட்டுக்குள் மெஷின்கள் வர வர அம்மாவின் வேலை குறையவில்லை, வேலையின் தினுசுதான் மாறியது என்பது அதன் சாரம். அமெரிக்க வீடுகள் போகாமல் விட்ட பாதைகளைப் பற்றி அதில் ஒரு அத்தியாயம் உண்டு. அங்கே வரும் கேஸ் ஃப்ரிட்ஜ் கதை, 'ஹவ் த ரெஃப்ரிஜரேட்டர் காட் இட்ஸ் ஹம்' என்ற தலைப்பில் தனிக்கட்டுரையாக 1985-ல் டொனால்ட் மெக்கன்சி, ஜூடி வாஜ்மன் தொகுத்த நூலில் வந்தது. ஃப்ரிட்ஜுக்கு அந்த 'ம்ம்ம்' சத்தம் எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. பல்கலைக்கழகங்களில் பாடமாகவே வைக்கிறார்கள்.

நல்ல கட்டுரை, சந்தேகமே இல்லை. ஆனால் போன வருஷம் ஒரு பழைய ஃப்ரிட்ஜுக்கு ஹீட்டர் தேடப்போய், அந்தக் கட்டுரையைத் திரும்பப் படித்தபோது சில இடங்களில் தட்டியது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஃப்ரிட்ஜுக்கு எதுக்குங்க ஹீட்டர் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதலில் கோவன் சொல்வதைச் சுருக்கமாகப் பார்த்துவிட்டு அதற்கு வருவோம்.

கோவனின் வாதம்

1920களில் அமெரிக்காவில் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மின்மோட்டாரால் ஓடும் கம்ப்ரசர். இன்னொன்று, சூட்டை வைத்தே குளிரை உண்டாக்கும் அப்சார்ப்ஷன் முறை. இரண்டாவதன் வீட்டு வடிவத்தை 1922-ல் கண்டுபிடித்தவர்கள் ஸ்டாக்ஹோமில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள், பால்ட்சார் வான் பிளாட்டன், கார்ல் முன்டெர்ஸ். ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ் அதை வாங்கி 1925-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க உரிமை இண்டியானா மாநிலத்தின் எவன்ஸ்வில்லில் இருந்த செர்வெல் கம்பெனிக்குப் போனது. ஒரு சின்ன கேஸ் சுடர் போதும். மோட்டார் கிடையாது, சத்தம் கிடையாது, அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது.

இவ்வளவு இருந்தும் ஜெயித்தது கம்ப்ரசர். ஏன்? அது மேலான மெஷின் என்பதால் அல்ல என்கிறார் கோவன். ஜெனரல் எலெக்ட்ரிக், ஃப்ரிஜிடேரை வைத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ், வெஸ்டிங்ஹவுஸ், கெல்வினேட்டர் ஆகிய நான்கும் பணமும் ஆளும் விளம்பரமும் கொட்டின. 1927-ல் 'மானிட்டர் டாப்' ஃப்ரிட்ஜை இறக்கிய ஜெனரல் எலெக்ட்ரிக்குக்கு இதில் இரட்டை லாபம். 24 மணி நேரமும் பிளக்கில் இருக்கும் ஒரு பொருள் வீடு வீடாகப் போனால் மின்கம்பெனிகளின் விற்பனை ஏறும். அந்தக் கம்பெனிகளுக்கு ஜெனரேட்டர் விற்பதும் இவர்கள்தான். செர்வெலால் இந்த அளவுக்கு மல்லுக்கட்ட முடியவில்லை. ஆக, நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் முனகுவதற்குக் காரணம் இயற்பியல் இல்லை, வியாபாரம்.

என்னைப் போன்ற இன்ஜினியர்களுக்கு இந்த வாதம் நல்ல மருந்து. 'நல்ல டெக்னாலஜி தானாகவே ஜெயிக்கும்' என்ற மூடநம்பிக்கை எங்களுக்குள் ஆழமாக உண்டு.

உள்ளே என்ன நடக்கிறது

அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜின் பின்பக்கம், முழுக்கப் பற்றவைத்து மூடிய குழாய்க்கட்டு ஒன்று இருக்கும். உள்ளே அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன். கீழே பாய்லரில் அம்மோனியா கலந்த தண்ணீரைச் சுடவைத்தால் குமிழிகள் ஒரு ஒல்லியான குழாய் வழியே நீரையும் சேர்த்து மேலே தள்ளும். பெர்கோலேட்டரில் காபி கொதித்து ஏறுகிற மாதிரிதான். பிரிந்த அம்மோனியா ஆவி மேலே போய்க் குளிர்ந்து திரவமாகும். அது ஹைட்ரஜன் நிரம்பிய பகுதிக்குள் வழியும். மொத்த அழுத்தம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஹைட்ரஜன் தன் பங்கை எடுத்துக்கொள்வதால் அங்கே அம்மோனியாவின் பங்கு அழுத்தம் குறைவு. அதனால் தாழ்ந்த வெப்பநிலையிலேயே அது ஆவியாகி, பெட்டிக்குள் இருக்கும் சூட்டை உறிஞ்சிவிடும். பிறகு அந்த அம்மோனியாவைத் தண்ணீர் குடித்துக்கொள்ள, லேசான ஹைட்ரஜன் மேலே திரும்பிவிடும். சுற்று முடிந்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், சூடு எங்கிருந்து வருகிறது என்று அந்தக் குழாய்க்கட்டுக்குத் தெரியவே தெரியாது. கேஸ், மண்ணெண்ணெய் விளக்கு, மின் ஹீட்டர் எதுவும் சரி. எங்கள் சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால் இன்டர்ஃபேஸ் ஒன்று, இம்ப்ளிமென்டேஷன் பல. 'இத்தனை வாட் சூடு கொடு' என்பது மட்டும்தான் ஒப்பந்தம்.

ஒப்பந்தத்தை மீறினால் இரண்டு பக்கமும் அடி. சூடு குறைந்தால் குமிழி சரியாக ஏறாது, பெட்டி குளிராது. கூடினால் அம்மோனியாவோடு நீராவியும் நிறையப் போய்க் குளிர்ச்சியைக் கெடுக்கும். இரும்புக் குழாய் உள்ளே அரிக்காமல் இருக்கச் சோடியம் குரோமேட் என்ற உப்பைச் சேர்த்திருப்பார்கள். தொடர்ந்து அதிகமாகச் சுட்டால் அது படிந்து அந்த ஒல்லிக் குழாயை அடைத்துவிடும். அதோடு அந்த யூனிட் முடிந்தது.

ஹீட்டர் வேட்டை

பிரிட்டனில் வேலை பார்க்கும் என் கல்லூரி நண்பன் ஒருவன், ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த 1950களின் எலக்ட்ரோலக்ஸ் பெட்டியை வைத்திருந்தான். மின்சாரத்தில் ஓடும் அப்சார்ப்ஷன் மாடல். குழாய்க்கட்டில் ஒழுக்கு இல்லை, ஹீட்டர் மட்டும் அவுட். மல்டிமீட்டர் வைத்தால் ஓப்பன் சர்க்யூட். ராத்திரி பதினொரு மணிக்குப் போன் பண்ணினான்.

"டேய், தகட்டுல 125 வாட்னு இருக்கு. வோல்ட் எழுதின இடம் துருப்பிடிச்சு அழிஞ்சே போச்சு. எந்த ஹீட்டர்னு எப்படிடா தேடறது?"

இங்கேதான் வரலாறு குறுக்கே வருகிறது. 1948-ல் மின்சாரம் நாட்டுடைமை ஆகும்வரை பிரிட்டனில் ஊருக்கு ஊர் வோல்டேஜ் வேறு. 200-ம் உண்டு, 250-ம் உண்டு. 240-க்கு எல்லா ஊரும் வந்து சேர அதற்குப் பிறகும் காலம் பிடித்தது. ஃப்ரிட்ஜ் ஒன்றாக இருந்தாலும் விற்கும் ஊருக்குத் தகுந்த ஹீட்டர் போட்டுத்தான் கொடுக்கவேண்டும். இன்று காகிதத்தில் 230 வோல்ட். ஆனால் நண்பன் வீட்டு சாக்கெட்டில் அளந்தால் 240-ஐ ஒட்டித்தான் காட்டியது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அதே மாடலுக்கு, அதே கம்பெனி செய்த, பெட்டி பிரிக்காத பழைய ஹீட்டர் ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 200 வோல்ட், 125 வாட் என்று பொறித்திருக்கிறது. சேகரிப்பாளர்கள் 'ஒரிஜினல்' என்று கொண்டாடுவார்கள். மின்தடை மாறாது, சக்தி வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 240-ல் செருகினால் 125 வாட் 180 வாட்டாகிவிடும். ஒரிஜினல் பார்ட் போட்டே ஒரிஜினல் ஃப்ரிட்ஜைக் கொல்லலாம்!

220 வோல்ட்டுக்குச் செய்த 125 வாட் ஹீட்டரை 240-ல் போட்டால் 149 வாட். 230-க்குச் செய்ததைப் போட்டால் 136. நேராக 240 வோல்ட்டில் 125 வாட் என்று வாங்கினால், அழுத்தம் 230-க்கு இறங்கினாலும் 115 வாட் வரும், பாதகமில்லை. துருப்பிடித்துப்போன வோல்ட் எண் நமக்குத் தேவையே இல்லை. அந்தக் குழாய்க்கட்டு கேட்பது வாட். வோல்ட், இன்று நம் சாக்கெட்டில் வருவது எதுவோ அது.

வாங்கும் வழிகள் என்று பார்த்தால் மூன்று.

முதலாவது, மேலே சொன்ன பழைய ஸ்டாக். அதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த வகை ஹீட்டருக்குள் நைக்ரோம் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு பொடி இருக்கும். அது ஈரத்தை இழுக்கும். பல வருஷம் ஷெட்டில் கிடந்த ஹீட்டரைப் போட்டவுடன் மின்கசிவு பிரேக்கர் தட்டிவிடும். பார்ட் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப்போடுவார்கள். பல நேரம் மிதமான சூட்டில் நிதானமாக உலர்த்தி, இன்சுலேஷனை மெகரில் சோதித்தால் தேறிவிடும். தேறாவிட்டால் மட்டும் குப்பை. பிரேக்கரை பைபாஸ் பண்ணிவிட்டு ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது.

இரண்டாவது, இதன் தங்கச்சி மெஷின்களின் பார்ட். காரவன் வண்டிகளில் வைக்கும் சின்ன ஃப்ரிட்ஜ் இன்னமும் இதே முறையில்தான் ஓடுகிறது. எலக்ட்ரோலக்ஸின் அந்தப் பிரிவு 2001-ல் கைமாறி டொமெட்டிக் என்ற பெயரில் தனியாக நடக்கிறது. காரவன் ஃப்ரிட்ஜுக்கான ஹீட்டர்கள் கடையில் சாதாரணமாகவே கிடைக்கும். வாட்டும் குழாயின் விட்டமும் பொருந்தவேண்டும், அவ்வளவுதான். 12 வோல்ட் ஹீட்டரும் அதே அலமாரியில் இருக்கும், பார்த்து எடுக்கவேண்டும்.

மூன்றாவது, ஆர்டர் கொடுத்துச் செய்வது. பிளாஸ்டிக் மோல்டிங், பேக்கேஜிங் மெஷின்களுக்காகக் கார்ட்ரிட்ஜ் ஹீட்டர் செய்யும் பட்டறைகள் எந்தத் தொழில் நகரத்திலும் உண்டு. விட்டம், நீளம், வோல்ட், வாட், வயர் எந்தப் பக்கம் வரவேண்டும், முனையில் எவ்வளவு தூரம் சூடாகாமல் இருக்கவேண்டும், இந்த ஆறும் சொன்னால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை. அந்த ஹீட்டர்கள் இரும்புக் கட்டியில் இறுக்கமாகத் துளைத்த ஓட்டைக்குள் உட்காரும்படி வடிவமைத்தவை. ஃப்ரிட்ஜில் அது ஒரு குழாய்க்குள் கொஞ்சம் தளர்வாக நிற்கும். நடுவில் காற்று இருந்தால் சூடு வெளியே போகாமல் ஹீட்டரே வெந்துவிடும். அதனால் பரப்புக்கு வாட் குறைவாக இருக்கும்படி கேட்கவேண்டும். 10 மில்லிமீட்டர் விட்டம், 100 மில்லிமீட்டர் நீளத்தில் 125 வாட் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4 வாட். இது சாதுவான எண்.

நண்பன் மூன்றாவது வழியில் போனான். பழைய பாய்லரைச் சுற்றியிருக்கும் பொதியலில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு என்பதால் அதை அவன் தொடவில்லை. அதற்கென்று இருக்கும் ஆட்களை அழைத்தான். ஹீட்டர் வந்தது, பெட்டியை மட்டம் பார்த்து நிறுத்தினான். இந்த வகை சாய்ந்து நின்றால் ஓடாது. மறுநாள் காலையில் உள்ளே வைத்த டம்ளர் தண்ணீர் 5 டிகிரி காட்டியது. பக்கத்தில் காது வைத்துப் பார்த்தேன் என்றான். ஒன்றுமே கேட்கவில்லையாம்.

திரும்பக் கோவனிடம்

இந்த அனுபவம் கோவனின் வாதத்தைப் பாதி பலப்படுத்துகிறது, பாதி ஆட்டிவிடுகிறது.

பலப்படுத்தும் பாதி இது. அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜில் அடிக்கடி போகும் பார்ட்டுகள் எல்லாம் மூடிய குழாய்க்கட்டுக்கு வெளியே இருக்கின்றன: ஹீட்டர், பர்னர், தெர்மோஸ்டாட். அதிலும் ஹீட்டர் ஒரு கம்பி, கொஞ்சம் பொடி, ஒரு உறை. ஆல்பர்ட் மார்ஷ் நைக்ரோம் உலோகக்கலவைக்குக் காப்புரிமை வாங்கியது 1906-ல். நூறு வருஷத்துக்கு மேலாக எந்த நாட்டிலும் செய்யத் தெரிந்த பொருள். அப்படியிருந்தும் அது கிடைக்காமல் பெட்டி குப்பைக்குப் போகிறது என்றால் காரணம் இயற்பியல் இல்லைதான். பார்ட் நம்பரும் கேட்லாக்கும் அதைத் தெரிந்த மெக்கானிக்கும் சந்தை பெரிதாக இருக்கும் பக்கம் போய்விட்டார்கள். கோவன் ஷோரூமில் காட்டிய அதே சக்தி, ஸ்பேர் பார்ட் கடையிலும் வேலை செய்கிறது. அவர் கட்டுரை ஷோரூம் வாசலோடு நின்றுவிட்டது. இன்னும் நாலு அடி நடந்திருந்தால் தன் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்கும்.

ஆட்டிவிடும் பாதிக்கு வருவோம். 125 வாட் ஹீட்டர் நாள் முழுக்க ஓடினால் 3 யூனிட். இன்றைய சின்ன கம்ப்ரசர் ஃப்ரிட்ஜுக்கு ஒரு நாளைக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. கொடுத்த சூட்டில் ஒரு சிறு பங்கைத்தான் இந்த முறையால் குளிராக மாற்ற முடியும். கம்ப்ரசரோ தான் தின்னும் மின்சாரத்தைவிட அதிகச் சூட்டை வெளியேற்றும். இது விளம்பரத்தால் வந்த வித்தியாசம் இல்லை.

கோவன் பக்கத்தில் நின்று பதில் சொல்லவும் முடியும். 1927-ல் ஒப்பிடவேண்டியது கேஸ் சுடரை; மின் ஹீட்டரை அல்ல. அன்றைய அனல்மின் நிலையங்கள் எரிபொருளின் பெரும்பகுதியை வீணடித்தன. அதோடு ஒப்பிட்டால் வீட்டிலேயே நேராக எரிக்கும் கேஸ் ஒன்றும் மோசமில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மின்நிலையமும் தேறியது, கம்ப்ரசரும் தேறியது. செர்வெல் கேஸ் ஃப்ரிட்ஜ் செய்வதை விட்டது 1957-ல். அந்த முப்பது வருஷத்தில் காரணங்களின் எடை மாறியிருக்கிறது. 1927-க்குச் சரியான விளக்கம் 1957-க்கும் அப்படியே சரியாகாது. கட்டுரையின் பலமெல்லாம் முதல் பத்துப் பதினைந்து வருஷத்தில் இருக்கிறது. முடிவு மட்டும் மொத்தக் காலத்துக்கும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது.

மூன்றாவது விஷயம் கொஞ்சம் கவலைக்குரியது. இந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் அதைப் பெரிய முதலாளிகள் நல்ல மெஷினைக் கொன்ற கதையாகத் திருப்பிச் சொல்கிறார்கள். அந்தச் சூட்டிலேயே பழைய செர்வெல் ஒன்றைத் தேடி வாங்கி, மலைமேல் இருக்கும் மர வீட்டில் வைத்துக் கேஸைப் பற்றவைக்கிறார்கள். பர்னரும் புகைபோக்கியும் சுத்தமாக இல்லாவிட்டால் கேஸ் முழுசாக எரியாது, கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை இல்லை, நிறம் இல்லை. 1933 முதல் 1957 வரை செய்த செர்வெல் கேஸ் ஃப்ரிட்ஜ்களால் உயிர்ப்பலி நடந்தது. அவற்றை உடனே நிறுத்துங்கள் என்று அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமே 1990களில் எச்சரித்தது. ஒழித்துக்கட்டினால் பணம் கொடுக்கும் திட்டமும் இருந்தது. இது கட்டுரை வந்த பிறகு நடந்தது, கோவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்று அதைப் பாடமாக நடத்துகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சத்தமில்லாத மெஷின் சத்தமில்லாமல் ஆளையும் கொல்லும். மின் ஹீட்டர் மாடலில் இந்த ஆபத்து இல்லை என்பதும் நான் ஹீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு ஒரு காரணம்.

கடைசியாக அந்த 'போகாத பாதை' என்ற உருவகம். அந்தப் பாதையில் இன்றும் ஆள் நடக்கிறார்கள். ஹோட்டல் அறையில் கட்டில் பக்கத்திலேயே முனகாமல் நிற்கும் மினிபார்களில் பல இந்த முறைதான். காரவன்களில் இருக்கிறது. மின்கம்பி இணைப்பு வேண்டாம் என்று வாழும் ஆமிஷ் குடும்பங்கள் கேஸில் ஓட்டுகிறார்கள். சூரிய ஒளி ஃப்ரிட்ஜ்கள் பரவும்வரை மின்சாரம் இல்லாத ஊர்களில் தடுப்பூசி மருந்தைக் காப்பாற்றியதில் மண்ணெண்ணெய் ஃப்ரிட்ஜ்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்கச் சமையலறையில் தோற்றால் உலகத்திலேயே தோற்றதாக ஆகிவிடாது. கோவன் எழுதியது அமெரிக்க வரலாறு என்பதை நாம்தான் மறந்துவிடுகிறோம்.

என் நண்பனின் பெட்டியோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். காரவன்காரர்களுக்கும் ஹோட்டல்காரர்களுக்கும் இந்த முறை இன்னும் வேண்டியிருப்பதால்தான் அதற்குத் தோதான ஹீட்டர் விற்பனையில் இருக்கிறது, அதைப் பற்றித் தெரிந்த மெக்கானிக் இருக்கிறார். ஒரு மெஷின் சந்தையில் தோற்ற தேதி வேறு, அது நிஜமாகவே சாகும் தேதி வேறு. இரண்டாவது தேதியைத் தீர்மானிப்பது அதற்குப் பொருந்தும் கடைசி பார்ட்டும், அதைப் பொருத்தத் தெரிந்த கடைசி ஆளும். தொழில்நுட்ப வரலாறு முதல் தேதியைப் பற்றி நிறைய எழுதிவிட்டது. இரண்டாவதைப் பற்றி எழுத பார்ட் கேட்லாக்கையும் பட்டறை ரசீதையும் புரட்டவேண்டும், அதற்கு ஆள் குறைவு.

கோவனைக் கட்டாயம் படியுங்கள். படித்துவிட்டு உங்கள் வீட்டில் ஓடும் ஏதாவது ஒரு பழைய மெஷினின் பின்பக்கம் டார்ச் அடித்து, அங்கே ஒட்டியிருக்கும் தகட்டை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மாடல், வோல்ட், வாட் மூன்றும் தெளிவாகத் தெரியட்டும். துரு முதலில் தின்பது அந்த எண்களைத்தான்.